ஏழைங்களுக்குன்னு ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி காசு பாக்கலாமா?

வைகைக்கரை:
எங்க ஊர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி, பேரு வேணாம். எங்க அப்பத்தா காலத்துல இருந்து பிரசவமோ பாம்புக்கடியோ எதுன்னாலும் அங்கதான் தூக்கிட்டு ஓடுவோம். இப்ப போனா ஏசி ஓபி, மாஸ்டர் செக்கப் பேக்கேஜ்னு பெரிய போர்டு, ஜெனரல் வார்டு பாதியாயிருச்சு, அந்த இடத்துல முட்டி மாத்துற ஆபரேஷனுக்குத் தனி ரூம். காசுள்ளவன் பின்னாடி ஓட ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி ஏழைய மறந்துரும், அவ்ளோதான்.

மாசி வீதி:
அண்ணே, காசு வாங்குறதே தப்புன்னா எப்டி? நம்ம அரவிந்த் கண் ஆஸ்பத்திரியவே பாருங்க. டாக்டர் வெங்கடசாமி அரசு வேலைல இருந்து ரிட்டயர் ஆகி 1976-ல 11 படுக்கையோட ஆரம்பிச்சது. குடுக்க முடிஞ்சவங்ககிட்ட வாங்குற காசுல மிச்சம் பிடிச்சுதான் பாதிக்குப் பாதி ஆபரேஷன் இலவசமாவோ ரொம்பக் கம்மியாவோ நடக்குது. கண்புரை ஆபரேஷன்ல கண்ணுக்குள்ள வைக்கிற வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுபடியாகலன்னு 1992-ல ஆரோலேப்னு சொந்தமா ஒரு தயாரிப்புக்கூடம் ஆரம்பிச்சு இங்கயே செஞ்சாங்க, அந்த லென்ஸ் விலை கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு. மார்க்கெட்ட பாத்து பயந்திருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா சொல்லுங்க.

வைகைக்கரை:
தம்பி, அங்கயும் ரெண்டு பக்கம் இருக்குல்ல. காசுப் பக்கம் தனி ரூம், இலவச கண் முகாம்ல இருந்து பஸ்ல வந்தவங்களுக்கு பாய். விலை கூடுன மடக்குற லென்ஸும் ரொம்ப வருஷம் காசு கட்டுனவங்களுக்குத்தான.

தியேட்டர் சிஸ்டர்:
நான் வேற ஒரு கண் ஆஸ்பத்திரி தியேட்டர்ல வேலை பாத்தவ, அதனால சொல்றேன். ரூம் வேறயா இருக்கறது எனக்குப் பெருசா படல, இலவச பேஷண்ட்டுக்கு யாரு கத்தி பிடிக்கறாங்கங்கறதுதான் கேள்வி. அரவிந்த்ல டாக்டருங்க ரெண்டு பக்கமும் மாறி மாறித்தான் போறாங்க. ரெண்டு டேபிள், ஒண்ணுல ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்ததுல பேஷண்ட்ட ரெடி பண்ணி வச்சிருப்பாங்க, டாக்டர் அப்டியே திரும்பி உக்காந்துக்கலாம். சின்னதா கீறி தையல் இல்லாம பண்ற ஆபரேஷன்ல செலவு கம்மி, பார்வையும் மெஷின் வச்சுப் பண்றதுக்கு ஈடாத்தான் வருது. பாய்ல படுத்ததால அந்தப் பாட்டிக்கு கண்ணு கம்மியாத் தெரியாது அண்ணே.

வைகைக்கரை:
சரிம்மா, புரைக்கு ஒத்துக்கறேன். அது நாள் குறிச்சுப் பண்ற ஆபரேஷன், ஒரே மாதிரி ஆயிரம் பண்ணலாம். ராத்திரி வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போயி கட்டுவிரியன் கடிச்சு கண்ணு சொருகி வர்றவனுக்கு என்ன பேக்கேஜ் போடுவீங்க? அவனுக்கு விஷமுறிவு மருந்தும் வேணும் வென்டிலேட்டரும் வேணும், பக்கத்துலயே நர்ஸ் நிக்கணும், வராத நாள்லயும் அத்தனையும் தயாரா இருக்கணும். அதுலதான் முதல்ல கை வைக்கிறாங்க.

கணக்குப்பிள்ளை:
இது நியாயமான பேச்சு. 2009-ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்துச்சு, இப்ப முதலமைச்சர் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு. நல்லதுதான், பெரிய ஆபரேஷனுக்கு நகைய அடகு வைக்காம எத்தனையோ பேரு பொழச்சாங்க. ஆனா அது அட்மிட் ஆனாத்தான், மாசாமாசம் சுகர் மாத்திரைக்கும் ஓபி-க்கும் வராது. எதுக்கு காசு வருதோ ஆஸ்பத்திரியும் அந்தப் பக்கமே சாயுது. நான் கணக்குப் பாத்த சின்ன ட்ரஸ்ட் ஆஸ்பத்திரில க்ளெய்ம் பணம் லேட்டாகும், சம்பளம் மட்டும் ஒண்ணாந்தேதி குடுத்தாகணும், ரெண்டு வருஷம் பழகுன நர்ஸுங்க கார்ப்பரேட்டுக்கோ கல்ஃபுக்கோ போயிருவாங்க. முட்டி ஆபரேஷன் பண்ணலன்னா எங்க ஜெனரல் வார்ட இழுத்து மூடியிருப்பாங்க, இது நான் கண்ணால பாத்தது.

வைகைக்கரை:
அந்தக் காசு வார்டுக்குத்தான் வந்துச்சுன்னு நம்ப என்ன இருக்கு? எங்க ஊர்ல வார்டுதான சுருங்குச்சு.

தியேட்டர் சிஸ்டர்:
அதக் கேக்கணும் அண்ணே. ஜெனரல் வார்டுல போன வருஷம் எத்தன படுக்கை இந்த வருஷம் எத்தன, இலவசமா எத்தன பேரப் பாத்தாங்க, வரவேற்புல ஒரு போர்டு எழுதி மாட்டச் சொல்லுங்க. பேக்கேஜ் விலைய அவ்ளோ பெருசா எழுதுறவங்களுக்கு இத எழுதுறது கஷ்டமில்ல.

வைகைக்கரை:
போன மாசம் நாங்க நாலு பேரு போயிக் கேட்டோம்மா. கமிட்டி கூடி முடிவு பண்ணிச் சொல்றோம்னாங்க. அந்தக் கமிட்டில எங்க ஊர்க்காரங்க ஒருத்தர் கூட இல்ல.