புதுப்பிப்பு: செல்ஃப் இழுத்த பழைய கார், கோளாறு எர்த் கேபிள்லதான்

போன பதிவுல சொன்னேன்ல, என் பழைய ஹேட்ச்பேக் செல்ஃப் அடிச்சா இழுத்து இழுத்து சுத்துது, ஹெட்லைட்டும் மங்கலா எரியுதுன்னு, நிறைய பேர் பேட்டரி இல்லன்னா அத சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் போயிருக்கும்னு சொன்னீங்க. ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, பேட்டரில வண்டி ஆஃப்ல 12.6 வோல்ட், ஓடும்போது 14.2.

எலக்ட்ரீசியன் அண்ணன் மல்டிமீட்டர் ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொன்ன எஞ்சின் பிளாக்லயும் வச்சு செல்ஃப் அடிக்க சொன்னாரு, 1 வோல்ட்டுக்கு மேல காட்டுது, அரை வோல்ட் தாண்டவே கூடாது, அப்படின்னா எர்த் வழில கரண்ட் தடைபடுதுன்னு அர்த்தம். பேட்டரி நெகட்டிவ்ல இருந்து வந்து பாடில முறுக்குற எர்த் கேபிள் முனை பச்சையா பூத்துப்போயிருந்துச்சு, கழட்டி எமரி ஷீட் போட்டு பளபளன்னு தேச்சு, இறுக்கி, மேல வேஸ்லின் தடவினோம், இப்போ சாவி திருப்பினதுமே பிடிச்சுக்குது, லைட்டும் பளிச்சுன்னு இருக்கு. தயவுசெஞ்சு காசு போட்டு பார்ட்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி எர்த்த பாருங்க. லெஃப்ட் இண்டிகேட்டர் மட்டும் இன்னும் வேகமா அடிக்குது, பின்னாடி பல்ப் போயிருக்கான்னு பாத்துட்டு எழுதறேன்.