ஒரு பேப்பரை விடுவதா, படிப்பையே விடுவதா: என் அனுபவம்

தேவிபட்டினத்துத் தங்கை கேட்டிருப்பதைப் படித்ததும் பதில் போடாமல் போக மனசு வரவில்லை. ஒரு பேப்பர் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது, டி.சி. வாங்கிவிடலாமா என்கிறீர்கள். அந்தப் பேப்பரின் தேர்வை இந்தத் தடவை எழுதாமல் விடுவது ஒன்று, படிப்பை விட்டு வெளியே வருவது வேறு. வீட்டில் காசு இல்லாத நேரத்தில் இந்த இரண்டும் ஒன்று போலத் தெரியும், அதுதான் ஆபத்து.

நான் பாம்பன். முதல் பட்டதாரி சலுகையில் இன்ஜினியரிங்கில் ஈ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) சேர்ந்தவன், அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷன், அதாவது அந்த வருடப் பாடத்திட்டமும் தேர்வு விதிகளும். நாலாவது செமஸ்டரில் எலக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸ் (மின்காந்தப் புலங்கள்) என்ற பேப்பர் வந்தது. கர்ல், டைவர்ஜென்ஸ் என்று போர்டில் எழுதிக்கொண்டே போவார்கள், நானும் நோட்டில் எழுதிக்கொண்டே போவேன், ஒன்றும் நிற்காது. தேர்வு ஏப்ரல், மே. நம் கரையில் அது என்ன மாதம் என்று சொல்லத் தேவையில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில். அதற்குச் சற்று முன்னால்தான் அப்பாவின் கை படகில் வலை இழுக்கும் விஞ்சில் சிக்கி, மதுரையில் ஆபரேஷன். தடைக்கால நிவாரணம் அப்போது 5000 ரூபாய் (இப்போது 8000), அது மருந்துக்கே காணவில்லை. "படிச்சது போதும்டா, தடை முடிஞ்சதும் என்கூட கடலுக்கு வா" என்றார் மாமா. அவரைக் குறை சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்று நினைத்த மனுஷன்.

டி.சி.க்கு எழுதிய கடிதத்தோடு எங்கள் துறைத் தலைவர் ஹெச்.ஓ.டி. மேடத்திடம் போனேன். படித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "மத்த பேப்பர்ல இன்டர்னல் எவ்வளவு?" சொன்னேன். சுமாருக்கு மேலேதான் இருந்தது. "அப்ப மத்ததை எல்லாம் எழுது. இதுக்கு மட்டும் வித்ட்ராயல் போடு. ஆஸ்பத்திரிப் பேப்பரைக் கொண்டு வா" என்றார்.

அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது, என் வகுப்பில் பாதிப் பேருக்கும் தெரியாது. உடம்பு சரியில்லை, வீட்டில் எதிர்பாராத நிலைமை போன்ற காரணம் இருந்தால் தேர்வுக்கு முன்பே மனு கொடுக்கலாம். ஹெச்.ஓ.டி. பரிந்துரைத்து, பிரின்சிபால் அனுமதிக்க வேண்டும். அட்டெண்டன்ஸ் எல்லாம் சரியாக இருந்து, தேர்வு எழுதத் தகுதி உள்ளவர்களுக்குத்தான் கிடைக்கும். முக்கியமாக, படிப்பு முடிவதற்குள் ஒரே ஒரு முறைதான். அப்படி விட்டது ஃபர்ஸ்ட் கிளாஸ் வித் டிஸ்டிங்ஷன் கணக்கில் ஒரு முறை எழுதித் தோற்றதாகச் சேராது. இது எங்கள் பேட்ச் விதி. ரெகுலேஷன் மாறினால் இதுவும் மாறும், உங்கள் பேட்சுக்கு என்ன என்று ஆபீசில் கேளுங்கள். பேப்பர் கஷ்டம் என்பதற்காக மட்டும் இதைத் தர மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விட்டதோடு முடியவில்லை. அந்தப் பேப்பர் நவம்பரில் அஞ்சாவது செமஸ்டர் பேப்பர்களோடு சேர்ந்து வந்து நின்றது. என்னைக் கரையேற்றியது கீழக்கரையிலிருந்து வந்த சீனியர் அக்கா ஒருவர். கேபிள் டிவி ஒயர்த் துண்டு ஒன்றைக் குறுக்கே வெட்டிக் கையில் கொடுத்தார். நடுவில் செம்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக், அதன் மேல் பின்னிய வலை. கம்பியில் இருக்கும் சார்ஜும் வலையில் இருக்கும் சார்ஜும் சமம், ஆனால் எதிரெதிர், அதனால் வெளியே ஃபீல்டு (மின்புலம்) கிடையாது, இருப்பதெல்லாம் இடையில்தான், கம்பியை விட்டு விலக விலகக் குறையும் என்று அந்த வெள்ளைப் பகுதியை நகத்தால் தொட்டுக் காட்டினார். சார்ஜையும் ஃபீல்டையும் இணைக்கும் காஸ் விதி அன்றைக்குத்தான் புரிந்தது. மற்ற யூனிட்டுகளையும் படம் போட்டே படித்தேன், பாஸ் செய்தேன்.

விட்டுப் போகவே கூடாது என்றும் சொல்ல மாட்டேன். தங்கச்சிமடத்து நண்பன் ஒருவன் வீட்டின் கட்டாயத்துக்காக ஒரு கலைக் கல்லூரியில் கணிதம் சேர்ந்தான், எந்தப் பேப்பரிலும் ஒட்டவில்லை. முதல் வருடத்திலேயே விலகி ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தான். இன்று படகு எஞ்சின் கோளாறு என்றால் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள், அவன் முடிவு சரியான முடிவு. ஆனால் அந்தக் கல்லூரி அவனுடைய பிளஸ் டூ மார்க் ஷீட்டைத் தராமல் அலைய விட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி.யின் 2018 அறிவிப்பின்படி அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது. கட்டணமும் அட்மிஷன் கடைசித் தேதிக்குப் பிறகு 15 நாளுக்குள் விலகினால் 80 சதவீதம், 30 நாளுக்குள் என்றால் 50 சதவீதம் திரும்ப வரும். 30 நாள் தாண்டினால் ஒன்றும் வராது என்று அந்த அறிவிப்பில் இருந்தது. விலகுவதென்று முடிவு செய்தவர்கள் உங்கள் வருடத்துக்கு என்ன தேதி என்று பார்த்துவிட்டுக் கடிதம் கொடுங்கள்.

தங்கச்சி, உங்கள் மற்ற பேப்பர்களின் இன்டர்னல் மார்க்கையும், வீட்டில் இப்போது என்ன நிலைமை என்பதையும் இங்கே எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம். அதுவரை டி.சி. கடிதத்தைக் கொடுக்காதீர்கள். திணறுவது ஃபீல்ட்ஸ் பேப்பர் என்றால் என் கையெழுத்து நோட்டு பத்திரமாக இருக்கிறது. ராமநாதபுரம் கேணிக்கரையில்தான் வேலை பார்க்கிறேன், ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன்.