மலிவு விலை 110 சிசி குவாட் பைக்: குடும்பத்துக்கு நம்பி வாங்கலாமா?

தோப்புக்காரன் (பொள்ளாச்சி)

லீவுக்கு வரும் பிள்ளைகள் தோட்டத்தில் ஓட்ட 110 சிசி குவாட் பைக் (மண்தரையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) வாங்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். 'சீனா சாமான், ஆறு மாதம் தாங்காது' என்று வரிசையாகப் பதில் போட்டுவிட்டீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எங்கள் தோப்பில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் எஞ்சின் நேற்று முளைத்தது கிடையாது. 1958-ல் வந்த ஹோண்டா சூப்பர் கப்பின் படுக்கை சிலிண்டர் எஞ்சின் வழிவந்தது. நம் ஊர் ஹீரோ ஹோண்டா சிடி 100, ஸ்ப்ளெண்டர் எல்லாம் அதே வம்சம்தான். ரேடியேட்டர் இல்லை, சென்சார் இல்லை. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய எந்த ஊர் மெக்கானிக்குக்கும் தெரியும். ஆயில் ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும். ஸ்பார்க் பிளக் சாதாரண பைக் கடையிலேயே கிடைக்கிறது. பெரிய கம்பெனி குவாட்டின் விலையோடு ஒப்பிட்டால் செலவு கொஞ்சம்தான். இதில் எதை நம்பக் கூடாது என்கிறீர்கள்?

ஸ்பேனர்17 (கோவை)

எஞ்சினைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை சார். என் பட்டறைக்கு வரும் குவாட்களில் எஞ்சின் வேலை குறைவு. அதுவும் ஏர் ஃபில்டரைக் கவனிக்காமல் விட்டு, செம்மண் உள்ளே போய் பிஸ்டன் ரிங் தேய்ந்த கேஸாகத்தான் இருக்கும். சிக்கல் எஞ்சினைச் சுற்றி இருப்பதில் இருக்கிறது. பின்னால் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே ஆக்சில். அதைத் தாங்கும் பேரிங்கில் சீல் சரியில்லை என்றால் சேற்றுத் தண்ணீர் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும். சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று கேட்டால் பேரிங் போய்விட்டது. செயின் ஏன் அடிக்கடி கழல்கிறது என்று கேட்டு வருபவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

அதைவிட எனக்குப் பயம் முன்பக்கம்தான். இந்த வண்டி பெட்டியில் பாதி பூட்டிய நிலையில் வந்து, இங்கே மீதி பூட்டப்படுகிறது. ஹேண்டில் பாரிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடின் முனையில், நட்டு கழலாமல் இருக்க ஒரு ஸ்பிளிட் பின் போட வேண்டும். புது வண்டி ஒன்றில் அந்தத் துளை காலியாக இருந்தது, நட்டை விரலாலேயே திருக முடிந்தது. எஞ்சின் நின்றால் பையன் வண்டியை விட்டுவிட்டு நடந்து வந்துவிடுவான். ஓட்டும்போது இது கழன்றால் ஹேண்டில் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம்.

தோப்புக்காரன்

அது பூட்டியவனின் குறை, வண்டியின் குறை இல்லையே. வாங்கி வந்ததும் எல்லா நட்டையும் ஒரு தடவை கழற்றி, திரெட் லாக்கர் (நட்டு தளராமல் பிடிக்கும் பசை) போட்டு முறுக்கினோம். பெட்ரோல் டியூபை மாற்றினோம். முதல் ஆயிலைச் சில மணி நேர ஓட்டத்திலேயே வடித்துவிட்டோம். அப்புறம் டயர் காற்று. பஞ்சர் கடையில் பைக்குக்கு அடிக்கிற அளவு அடித்துவிடுகிறார்கள், வண்டி பந்து மாதிரி குதிக்கிறது. டயரின் பக்கவாட்டிலேயே அளவு எழுதியிருக்கும், பெரும்பாலும் ஒற்றை இலக்க பிஎஸ்ஐதான். இதையெல்லாம் செய்யாமல் வண்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஹூஸ்டன்வாசி

வண்டி நம்பகமானதா என்று கேட்கும்போது யார் ஓட்டப் போகிறார்கள் என்பதும் அதே கேள்விக்குள் வருகிறது. இங்கே அமெரிக்காவில் 2008-ல் வந்த சட்டப்படி, தர விதிக்கு உட்படாத ஏடிவி-யை, அதாவது குவாட் மாதிரிக் கரடுமுரடான தரையில் ஓட்டும் வண்டியை, விற்கவே முடியாது. புது மூன்று சக்கர ஏடிவி-க்கு முழுத் தடை. அந்த விதி சிறுவர் வண்டிகளை சிசி-யை வைத்துப் பிரிப்பதில்லை, வேகத்தை வைத்துத்தான் பிரிக்கிறது. 6 வயதுக்கு மேல் என்றால் அதிகபட்சம் மணிக்கு 15 மைல், அதாவது சுமார் 24 கிலோமீட்டர். 10 வயதுக்கு மேல் என்றால் 30 மைல், அதுவும் கடையிலிருந்து வரும்போது 15 மைலுக்குக் கட்டுப்படுத்தியிருக்க வேண்டும். இவ்வளவு இருந்தும், வேகக் கட்டுப்பாடும் பார்க்கிங் பிரேக்கும் சரியில்லை என்று மலிவான சிறுவர் குவாட்கள் பலவற்றைப் பற்றி நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கை விட்டபடியே இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமோ 16 வயதுக்குக் கீழே ஏடிவி-யே வேண்டாம் என்கிறது.

தோப்புக்காரன், உங்கள் பிள்ளைகளுக்கு என்ன வயது?

தோப்புக்காரன்

பெரியவளுக்கு 13, சின்னவனுக்கு 8. ஆக்சிலேட்டர் பக்கத்தில் வேகத்தைக் குறைக்கும் திருகு இருக்கிறது. என் கையில் ரிமோட் கில் சுவிட்ச் இருக்கிறது. அழுத்தினால் எஞ்சின் அணைந்துவிடும்.

ஹூஸ்டன்வாசி

எஞ்சின் அணையும். ஆனால் வண்டி உருண்டுகொண்டுதான் இருக்கும். ரிமோட் பிரேக் பிடிக்காதே! தவிர, 8 வயதுப் பையனின் விரல் பிரேக் லீவருக்கு எட்டுகிறதா? உட்கார்ந்தபடி ஹேண்டிலை முழுக்கத் திருப்ப முடிகிறதா? 110 சிசி அவன் உடம்புக்குப் பெரிய வண்டி. 50 சிசி-யை ஏன் பார்க்கவில்லை?

மலைத்தோட்டம் (ஏற்காடு)

அண்ணா, 'குடும்பத்துக்கு' என்று தலைப்பில் இருப்பதுதான் என்னை எழுத வைக்கிறது. எங்கள் பக்கம் காபித் தோட்டத்து வீடுகளில் இதே சின்ன வண்டியில் அப்பா ஓட்ட, முன்னால் ஒரு குழந்தை, பின்னால் ஒன்று என்று போகிறார்கள். சீட் நீளமாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்த நீளம் ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்ந்து எடையை மாற்றுவதற்கு. திரும்பும்போது உடம்பை உள்பக்கம் சாய்க்க வேண்டும், மேடு ஏறும்போது முன்னால் குனிய வேண்டும். பின்னால் ஒருத்தர் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தால் எதையும் செய்ய முடியாது. சரிவில் அப்படியே பின்பக்கமாகக் கவிழும். எல்லா நட்டும் சரியாக இருக்கிற வண்டியும் கவிழும்.

நட்டு முறுக்குவதைப் பற்றி இன்னொன்று. உங்கள் வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள், செய்கிறீர்கள். எத்தனை வீட்டில் வண்டியை மழையில் நிறுத்திவிட்டு, அடுத்த லீவுக்குப் பெட்ரோல் மட்டும் ஊற்றி ஸ்டார்ட் செய்கிறார்கள்! அவர்களுக்கு இந்த வண்டியைப் பரிந்துரைப்பீர்களா?

தோப்புக்காரன்

அவர்களுக்கு எந்த வண்டியையும் பரிந்துரைக்க மாட்டேன். கவிழ்வது மலிவு வண்டிக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை. ஆஸ்திரேலியாவில் பண்ணை குவாட் கவிழ்ந்து சாவது அதிகம் என்று, 2021 அக்டோபரிலிருந்து புதிதாக விற்பவற்றில் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் ஃபிரேம் பொருத்தியே ஆக வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். ஹோண்டாவும் யமஹாவும் அதை ஏற்காமல் அங்கே பண்ணை குவாட் விற்பதையே நிறுத்தின. பெரிய பெயர் இருந்தால் கவிழாது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இரண்டு பேர் ஏறக் கூடாது என்பதில் மறுபேச்சு இல்லை, எங்கள் தோப்பிலும் அதுதான் சட்டம். சரி, சின்னவனை நாளைக்கு உட்கார வைத்து லீவர் எட்டுகிறதா என்று பார்க்கிறேன். எட்டவில்லை என்றால் அவனுக்கு 50 சிசி. ஆனால் அதுவும் இதே விலை வகையில்தான் வாங்குவேன்.

ஸ்பேனர்17

வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. வாங்கும் கடையிலேயே பின் பேரிங் ஒரு செட், டை ராட் முனை, பிரேக் கேபிள், பிரேக் பேட் இதையெல்லாம் சேர்த்து வாங்கிவிடுங்கள். ஒரே வண்டியை மூன்று பெயரில் விற்கிறார்கள், அடுத்த வருடம் அந்தப் பெயரே இருக்காது. இருக்கிற பேரிங்கில் நம்பர் பொறித்திருந்தால் எந்தக் கடையிலும் எடுக்கலாம், டை ராட் முனைதான் அளவு மாறும். இங்கே இந்த வகை வண்டியைப் பொதுவாக ஆர்டிஓ-வில் பதியவும் முடியாது. அதனால் கேட்டைத் தாண்டித் தார் ரோட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரே ஆக்சிலில் இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும். மண்ணில் சறுக்கித் திரும்புகிற டயர், தாரில் பிடித்துக்கொண்டு நேராகவே இழுக்கும்.

மலைத்தோட்டம்

50 சிசி வந்ததும் அந்த ஸ்பிளிட் பின் இருக்கிறதா என்று பார்த்து இங்கே எழுதுங்கள் அண்ணா. ஹெல்மெட் அவன் தலை அளவுக்குத் தனியாக வாங்குங்கள், அக்காவுடையதைக் கொடுக்காதீர்கள்.