தெள்ளுப்பூச்சி கட்டடம் தாண்டாது, பூனைக்கு வேண்டுமானால் கணக்கு போடுவோம்

நெம்புகோல்:
இன்று காலை மூன்றாவது முறையாக அதே படம் கைப்பேசிக்கு வந்து விழுந்தது. தெள்ளுப்பூச்சி தன் நீளத்தைப் போல 100 மடங்கு உயரம் தாவுமாம், மனிதன் அளவுக்கு வளர்ந்தால் 170 மீட்டர் தாவி ஐம்பது மாடிக் கட்டடத்தைத் தாண்டிவிடுமாம். கீழே கைதட்டும் பொம்மை வேறு. அனுப்பியவர் பட்டதாரி.

வளர்ந்தால் கால் மட்டுமா வளரும், எடையும் சேர்ந்துதானே ஏறும்? தசை எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனை மடங்கு தூக்க வேண்டிய பாரமும் கூடுகிறது. ஒரு கிலோ தசை ஒரு தடவை சுருங்கித் தரும் ஆற்றல் சின்னதற்கும் பெரியதற்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் தாவும் உயரமும் உடல் அளவுக்கு ஏற்றபடி கூடிக்கொண்டே போகாது. போரெல்லி என்ற இத்தாலியர் 17-ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதிவிட்டார். தெள்ளுப்பூச்சி கிளம்பும் வேகம் நொடிக்கு 1.9 மீட்டர் வரை அளந்திருக்கிறார்கள், காற்றே இல்லை என்று வைத்தாலும் அது 18 செ.மீ. உயரம். நாம் நின்ற இடத்திலேயே எம்பினால் அதைவிட மேலே போவோம்.

சரி, உண்மையான தாவல் எது? எங்கள் வீட்டுப் பூனை, 5 கிலோ, 1.5 மீட்டர் அலமாரியின் மேல் ஒரே தாவில் ஏறுகிறது. 1.5 மீட்டர் ஏற, தரையை விடும்போது நொடிக்கு 5.42 மீட்டர் வேகம் வேண்டும். அந்த வேகத்தை அது பதுங்கிய நிலையிலிருந்து கால் நீளும் 30 செ.மீ. தூரத்துக்குள் எட்ட வேண்டும். அப்படியானால் முடுக்கம் ஈர்ப்பைப் போல 5 மடங்கு, தரையை மிதிக்கும் விசை எடையைப் போல 6 மடங்கு, அதாவது 30 கிலோ பாரம். செலவான ஆற்றல் 88 ஜூல், நேரம் 0.11 நொடி. வகுத்தால் 800 வாட்டுக்குப் பக்கம். ஒரு குதிரைத்திறன் 746 வாட். சோபாவில் சுருண்டு கிடக்கும் ஒரு ஜீவனுக்குள் ஒரு குதிரைக்கு மேலே இருக்கிறது. பகிர்வதென்றால் இதைப் பகிருங்கள்.

கவண்:
எல்லாம் அழகு. அந்த 30 செ.மீ. எங்கிருந்து வந்தது?

நெம்புகோல்:
பூனையிடமிருந்து வந்தது.

கவண்:
நக்கல் வேண்டாம். உங்கள் கணக்கு மொத்தமும் அந்த ஒரு எண்ணின் தலையில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதை 20 என்று வையுங்கள், விசை எட்டரை மடங்காகிறது, நேரம் 0.074 நொடியாகச் சுருங்குகிறது, திறன் 1,100 வாட்டைத் தாண்டுகிறது. 45 என்று வையுங்கள், 580 வாட்டுகூட வராது, உங்கள் குதிரை படுத்துவிடும். நடுவில் 30 என்று நீங்கள் பொறுக்கி எடுத்ததே குதிரைத்திறனைத் தொட்டுக் காட்டத்தான் என்று எனக்குப் படுகிறது. காற்றில்லாக் குழாய் விவாதத்தில் ஒரு பூஜ்யத்தை விழுங்கிவிட்டு மூன்று நாள் சாதித்தவர் நீங்கள் என்பது இங்கே பலருக்கு ஞாபகம் இருக்கும்.

நெம்புகோல்:
தம்பி, அது தட்டச்சுப் பிழை. அன்றே சொன்னேன், இன்றும் சொல்கிறேன். முப்பது வருடம் பௌதிகம் எடுத்தவனுக்கு எந்த எண்ணைப் பொறுக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லித்தர வேண்டாம். 30 செ.மீ. என்பது 30 செ.மீ.தான்.

கவண்:
நான் உங்கள் தம்பி இல்லை.

மாலதி_பூனைவீடு:
சண்டையே வேண்டாம் என்று நேற்று ராத்திரி தையல் டேப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் கரியன் 4 கிலோ 800 கிராம், சார் வீட்டுப் பூனை அளவுதான் இருக்கும். அலமாரியைப் பார்த்துப் பதுங்கினான், பின்பக்கத்தை இடதும் வலதுமாக நாலு தடவை ஆட்டினான், அந்த நேரத்தில் டேப்பைத் தரையில் ஊன்றிப் பிடித்தேன். இடுப்பெலும்பு தரையிலிருந்து 10 செ.மீ. தாவவில்லை, டேப்பைக் கடிக்க வந்தான், அது வேறு கதை. அப்புறம் தூங்கும்போது பின்காலை மெதுவாக நீட்டிப் பாதம் வரை அளந்தேன், 31. கழித்தால் 21 செ.மீ. அளந்ததைச் சொல்கிறேன், யாருக்கும் சாதகமாக இல்லை.

கவண்:
இருபத்தொன்று! நன்றி அக்கா. முப்பது வருடப் பௌதிகத்தை ஒரு தையல் டேப் கவிழ்த்துவிட்டது.

நெம்புகோல்:
எதுவும் கவிழவில்லை. அம்மா அளந்தது இடுப்பு. நான் சொல்வது நிறை மையம், உடம்பின் எடை மொத்தமும் குவிந்திருப்பதாக வைத்துக்கொள்ளும் புள்ளி, அது பூனைக்கு இடுப்பில் இல்லை, விலாப் பக்கம் முன்னால் இருக்கிறது. பூனை தாவுவதை என்றாவது பார்த்திருக்கிறீர்களா? முதலில் முன்னங்கால் தரையை விடும், உடம்பு படுத்திருந்த நிலையிலிருந்து செங்குத்தாக நிமிரும், அப்புறம்தான் பின்கால் உதைத்து முடிக்கும். இடுப்பு 21 ஏறினால் அதற்கு முன்னால் இருக்கும் நெஞ்சு இன்னும் எவ்வளவு ஏறியிருக்கும்? இரண்டையும் சேர்த்தால் 30. நான் காற்றில் பிடித்த எண் அல்ல அது.

கவண்:
"சேர்த்தால் 30" என்றால் எதோடு எதைச் சேர்த்தீர்கள்? 21-ஐ அளந்திருக்கிறார்கள். மீதி 9-ஐ யார் அளந்தது? அந்த 9 செ.மீ. உங்கள் கற்பனையில்தான் இருக்கிறது.

புதியவன்7:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வலிமையான தாவல் என்று எதைச் சொல்கிறோம்? அதிக உயரமா, எடையைப் போல எத்தனை மடங்கு விசை என்பதா, ஒரு கிலோ உடம்புக்கு எத்தனை வாட் என்பதா? மூன்றுக்கும் விடை வேறு வேறு விலங்காக வருமே. அதை முதலில் முடிவு செய்தால் நல்லது.

நெம்புகோல்:
அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த 9 செ.மீ. விஷயத்தை முடிப்போம்.

தராசு:
முடிப்பதற்குள் ஒன்று. நீங்கள் இருவரும் 30-ஐப் பிடித்துத் தொங்குகிறீர்கள், எனக்கு 1.5 மீட்டரே சரியாகப் படவில்லை. அலமாரி 1.5 மீட்டர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்கால் முழுசாக நீண்டு தரையை விடும் நொடியில் பூனையின் நிறை மையம் ஏற்கெனவே கணிசமான உயரத்தில் இருக்கிறது, மேலே போய்ச் சேரும்போதோ முன்னங்காலால் விளிம்பைப் பற்றி உடம்பை இழுத்துக்கொள்கிறது. காற்றில் உண்மையாக ஏறியது 1.2 மீட்டர் இருந்தால் அதிகம். 1993-இல் உயரம் தாண்டும் வீரர் சோட்டோமயோர் 2.45 மீட்டர் கம்பியைத் தாண்டினார், அவருடைய நிறை மையம் 2.45 மீட்டரா ஏறியது? நிற்கும்போதே அது ஒரு மீட்டர் உயரத்தில் இருந்திருக்குமே. உங்கள் 30-ஐயே வைத்துக்கொண்டு 1.2 போட்டுப் பாருங்கள், விசை 5 மடங்கு, நேரம் 0.124 நொடி, திறன் 600 வாட்டுக்குச் சற்றுக் கீழே. குதிரைத்திறன் போச்சு.

கவண்:
அது கிடக்கட்டும் தராசு, அந்த 9 செ.மீ.க்கு இன்னும் பதில் வரவில்லை.

தராசு:
நான் சொல்வதைப் படித்தீர்களா?

நெம்புகோல்:
படித்தேன். எங்கள் பூனை விளிம்பைப் பற்றாது. நேராகப் போய் நிற்கும்.

அரைவேக்காடு:
அப்படியென்றால் இன்னும் மேலே ஏறி இறங்கியிருக்க வேண்டுமே, 1.5 போதாதே சார். சும்மா கேட்டேன். அப்புறம், முதல் பதிவில் தெள்ளுப்பூச்சி என்று போட்டிருக்கிறீர்கள், எங்கள் வீட்டில் நாயிடம் இருப்பதை உண்ணி என்றுதான் சொல்லுவோம்.

மாலதி_பூனைவீடு:
உண்ணி வேறு தெள்ளு வேறு. உண்ணி எட்டுக்கால், ஒட்டிக்கொண்டால் அசையாது, தாவவே தாவாது. தெள்ளுக்கு ஆறு கால், முடியை விலக்கினால் துள்ளி ஓடும். இதுகூடத் தெரியாமல் நாய் வளர்க்கிறீர்களா?

அரைவேக்காடு:
நாய் என் அண்ணனுடையது.

நெம்புகோல்:
பேச்சு எங்கோ போகிறது. நானே தெள்ளுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் தள்ளும் தூரம் எவ்வளவு முக்கியம் என்பது அங்கேதான் பளிச்சென்று தெரியும். தெள்ளின் காலுக்குத் தள்ள ஒரு மில்லிமீட்டர்கூட இடமில்லை. அந்தத் தம்மாத்துண்டு தூரத்தில் நொடிக்கு 1.9 மீட்டர் வேகம் பிடிக்க வேண்டும் என்றால் நேரம் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு நொடி. முடுக்கம் ஈர்ப்பைப் போல நூறு மடங்குக்கு மேலே போய்விடுகிறது. எந்தத் தசையாலும் அவ்வளவு வேகமாகச் சுருங்கி அந்தத் திறனைக் கொடுக்க முடியாது. அதனால் பூச்சி முன்கூட்டியே மெதுவாக இழுத்து வைத்துக்கொள்கிறது. ரெசிலின் என்று ஒரு புரதம், ரப்பரைப் போன்றது, அதுவும் மேலோட்டின் கடினப் பகுதியும் வில்லாக வளைந்து ஆற்றலைத் தேக்குகின்றன. கொக்கியை விட்டதும் உண்டிவில் மாதிரி விடுபடுகிறது. 1967-இல் பென்னட் கிளார்க்கும் லூசியும் தெள்ளின் தாவலை இப்படி விளக்கினார்கள், காலின் எந்தப் பகுதி தரையைத் தள்ளுகிறது என்ற சண்டை மட்டும் 2011 வரை இழுத்தது. செடித் தண்டில் எச்சில் போல நுரை கட்டி வாழும் பூச்சி இருக்கிறதே, அது தெள்ளையும் மிஞ்சும், 6 மி.மீ. உடம்பு 70 செ.மீ. தாவுகிறது, ஈர்ப்பைப் போல 400 மடங்கு முடுக்கம். கிலோ ஒன்றுக்கு எத்தனை வாட் என்று கேட்டால் பூனை அதன் கால்தூசிக்குப் பெறாது. உயரம் என்று கேட்டால் அதே பூச்சி பூனையின் பாதிகூட இல்லை.

இப்போது சொல்லுங்கள் கவண், தூரம் குறைந்தால் வில் வேண்டும். உங்கள் 20 செ.மீ. சரியென்றால் பூனைக்கும் ஒரு ரெசிலின் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே 30.

புதியவன்7:
நான் கேட்டதற்கு விடையை நீங்களே இப்போது சொல்லிவிட்டீர்கள். கிலோவுக்கு வாட் என்றால் ஒன்று, உயரம் என்றால் இன்னொன்று.

கவண்:
"ஆகவே 30" எப்படி வரும்? பூனைக்குத் தசைநார் இல்லையா? கலாகோ என்ற கால் கிலோ விலங்கு நின்ற இடத்திலிருந்து 2.25 மீட்டர் எம்பியதை 1960-களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள், அதற்கு ரெசிலின் கிடையாது, தசைநாரில் ஆற்றலைத் தேக்கித்தான் எம்புகிறது. பூனையும் கொஞ்சம் தேக்கினால் 20 தாராளமாக வரும். இன்னொன்று, நீங்கள் விசை ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே சீராக இருக்கிறது என்று வைத்துக்கொண்டீர்கள், எந்தக் கால் அப்படித் தள்ளும்? அதைச் சொன்னால் "இவ்வளவு நுணுக்கம் வேண்டாம்" என்பீர்கள். 9 செ.மீ. மட்டும் நுணுக்கமாக வேண்டும்.

நெம்புகோல்:
இவ்வளவு நுணுக்கம் வேண்டாம். இது அன்றாடப் பௌதிகம்.

அரைவேக்காடு:
பௌதிகமா இயற்பியலா? பாடப்புத்தகத்தில் இயற்பியல் வந்து எத்தனையோ காலமாகிறது சார். அப்புறம், குதிரைத்திறன் என்பது குதிரை ஒரு நாள் முழுக்க நிதானமாக இழுக்கிற கணக்கு. சில நொடி முக்கினால் குதிரையே பத்துக்கு மேல் தரும். பூனையின் பத்தில் ஒரு நொடியை அதோடு ஒப்பிட்டு "ஒரு குதிரைக்கு மேலே" என்பது அந்தக் கைதட்டும் பொம்மைப் படத்துக்கு எந்த வகையில் குறைச்சல்?

நெம்புகோல்:
அரைவேக்காடு என்று நீங்களே பெயர் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள், நான் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பௌதிகம் என்றுதான் நான் படித்தேன், பௌதிகம் என்றுதான் எடுத்தேன், கரும்பலகையில் கடைசி நாள்வரை அப்படியே எழுதினேன்.

தராசு:
1.5 மீட்டரைப் பற்றி யாராவது பேசுவீர்களா, நான் போய்விடட்டுமா?

மாலதி_பூனைவீடு:
இன்று கரியன் தாவினான்! கைப்பேசியில் நொடிக்கு 240 படம் என்று வைத்துப் பிடித்தேன். ஒவ்வொரு படமாக நகர்த்தி எண்ணினேன், மேலே கிளம்ப ஆரம்பித்ததிலிருந்து பின்பாதம் தரையை விடும்வரை 27 படம். தராசு சொன்னதும் சரி, கடைசியில் முன்னங்காலால் விளிம்பைப் பிடித்துத்தான் ஏறினான்.

நெம்புகோல்:
27-ஐ 240-ஆல் வகுத்தால் 0.1125 நொடி. நான் முதல் பதிவிலேயே 0.11 என்று எழுதியிருக்கிறேன். யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா?

தராசு:
விளிம்பைப் பிடித்தான் என்று அடுத்த வரியிலேயே இருக்கிறது. ஏறியது 1.5 இல்லை என்றால் அந்த 0.11 எந்தக் கணக்கோடு பொருந்துகிறது?

நெம்புகோல்:
அது அவர்கள் பூனை. எங்கள் பூனை பிடிக்காது என்று முன்பே சொன்னேன்.

கவண்:
நேரம் மட்டும் அவர்கள் பூனையிடமிருந்து வேண்டும், விளிம்பு வேண்டாம்! இருக்கட்டும். "கிளம்ப ஆரம்பித்தது" எந்தப் படத்தில் என்று யார் முடிவு செய்தது? பின்பக்கத்தை ஆட்டும் ஆட்டத்தின் கடைசிப் பாதியும் அதில் சேர்ந்திருக்கும். அதை வெட்டிப் பாருங்கள், 18 படம் வரும். 18 என்றால் என் 20 செ.மீ.

நெம்புகோல்:
பார்க்காமலே 18 என்கிறார். அம்மா, அந்தக் காணொளியை இங்கே போடுங்கள். நான் கோடு போட்டே காட்டுகிறேன், விலா எலும்பு எங்கிருந்து எங்கே போகிறது என்று, 30 வராவிட்டால் அப்புறம் பேசலாம்.

மாலதி_பூனைவீடு:
போடுகிறேன், ஆனால் 27-ஆவது படத்தில் வால் நுனி இன்னும் தரையைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் கணக்கில் எடுக்க வேண்டுமா?

நெம்புகோல்:
வால் தள்ளாது. கணக்கில் வராது.

கவண்:
தள்ளாது என்று யார் அளந்தது?