புதுப்பிப்பு: ஹீப்ரு வார்த்தைகள் நிற்கத் தொடங்கிவிட்டன

மூன்று மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன்: ஆங்கில வழியாக அன்றாட ஹீப்ரு படிக்கிறேன், எத்தனை முறை படித்தாலும் வார்த்தைகள் மனதில் நிற்கமாட்டேன் என்கின்றன, என்ன செய்யலாம் என்று. ஆங்கில எழுத்தை விட்டுவிட்டு முதலில் அந்த 22 எழுத்துகளைப் பழகச் சொன்னீர்கள். பழகினேன். உண்மையிலேயே பலன் கிடைத்தது, நன்றி.

ஆங்கிலத்துக்குப் பழகிய காதுக்குச் சின்ன வார்த்தைகள்தான் பெரிய தொல்லை. 'மீ' என்றால் யார், 'ஹூ' என்றால் அவன், 'ஹீ' என்றால் அவள்! ஹீப்ரு எழுத்தில் பார்க்கும்போது ஆங்கிலம் குறுக்கே வருவதில்லை.

அப்புறம் வேர்ச்சொற்கள். 'சேஃபெர்' புத்தகம், 'சிஃப்ரியா' நூலகம், 'சிப்பூர்' கதை, 'சோஃபெர்' எழுத்தாளர். நான்கிலும் அதே மூன்று மெய்கள். ப, ஃப இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதே இப்போதுதான் தெரிந்தது. ஒன்று பிடிபட்டால் மற்றவை கூடவே வந்துவிடுகின்றன. ஆனால் உயிர்க்குறிகளைப் பெரும்பாலும் எழுதாததால், முடிதிருத்துபவரைக் குறிக்கும் 'சப்பார்' என்ற சொல்லும் 'சேஃபெர்' போலவே இருக்கும். இடத்தைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். இங்கே இன்னும் தடுமாறுகிறேன்.

நம் 'சரி'க்கு அங்கே 'பெசேதெர்'. நாள் முழுக்க உதவும் சொல்.

கிளிக்கு 'துக்கி' என்று படித்த அன்று எனக்குச் சிலிர்த்தது. சாலமன் அரசனின் கப்பல்கள் கொண்டுவந்த மயில்களை விவிலியம் குறிப்பதும் இதே சொல்லால்தான் என்பார்கள். அது நம் 'தோகை'யிலிருந்து போனது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து.