வளைவில் மட்டும் ஷார்ட் ஆகும் மாதிரி ரயில் எஞ்சின்: மோட்டாரைப் பிரிக்க வேண்டுமா?

பவானிக்கரை (ஈரோடு):

அனைவருக்கும் வணக்கமுங்க. என்னிடம் எச்.ஓ அளவில், அதாவது 1:87 விகிதத்தில் செய்யப்பட்ட நான்கு அச்சு டீசல் எஞ்சின் ஒன்று உள்ளது. 12 வோல்ட் டி.சி. கன்ட்ரோலரில் இரண்டு ஆண்டுகளாகக் குறையில்லாமல் ஓடியது. சென்ற வாரம் மேல்கூட்டைக் கழற்றி, சக்கரங்களைத் துடைத்து, பல்சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டு மீண்டும் பூட்டினேன். அன்றிலிருந்து நேர்ப்பாதையில் நன்றாக ஓடும் எஞ்சின், 18 அங்குல ஆரமுள்ள வளைவுக்குள் நுழைந்ததும் நின்றுவிடுகிறது. கன்ட்ரோலரில் ஷார்ட்டைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிகிறது. கன்ட்ரோலரைத் திருப்பிப் பின்னோக்கி ஓட்டினாலும் அதே வளைவில் நிற்கிறது. ஆனால் எஞ்சினைக் கையால் தூக்கி, முன்பின்னாக மாற்றி வைத்தால் அதே வளைவைத் தடையின்றிக் கடந்துவிடுகிறது.

மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் தொட்டால், எஞ்சின் மேசைமேல் சும்மா இருக்கும்போதும் ஒலி வருகிறது. மோட்டார் வைண்டிங் போய்விட்டதோ என்று அஞ்சுகிறேன். பல மாதங்கள் பணம் சேர்த்து டிகோடர் (எஞ்சினுக்குள் பொருத்தி டிஜிட்டல் முறையில் ஓட்டுவதற்கான சிறு மின்னணுப் பலகை) ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்; ஷார்ட் உள்ள எஞ்சினில் பொருத்தி அதையும் எரித்துவிடக் கூடாது. மோட்டாரைப் பிரிக்கலாமா?

நொய்யல் தடம் (திருப்பூர்):

மோட்டாரில் கை வைக்க வேண்டாம். விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது.

மாற்றி வைத்தால் அதே வளைவில் ஓடுகிறது என்பதால் தண்டவாளத்தில் குற்றமில்லை. பின்னோக்கி ஓட்டினாலும் நிற்கிறது என்பதால் ஓடும் திசையும் காரணமில்லை. வளைவில் முன்னும் பின்னும் போனால் போகிகள் (எஞ்சினுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கி, பக்கவாட்டில் திரும்பும் சட்டங்கள்) திரும்பி நிற்கும் கோணம் மாறுவதில்லை. எஞ்சினையே மாற்றி வைக்கும்போதுதான் அவை எதிர்ப்புறம் திரும்புகின்றன. ஆகவே, ஏதோ ஒரு போகி ஒரு குறிப்பிட்ட பக்கமாகத் திரும்பும்போது மட்டும் படக்கூடாத இடத்தில் எதுவோ படுகிறது.

சக்கரங்களைக் கழற்றிப் பூட்டினீர்கள் என்றால், அச்சைத் திருப்பிப் போட்டிருப்பீர்களோ என்ற ஐயமே முதலில் எழும். உங்களுடையது போன்ற பல எஞ்சின்களில் ஓர் அச்சின் ஒரு சக்கரம் மட்டும் பிளாஸ்டிக் புஷ்ஷால் பிரிக்கப்பட்டிருக்கும். அதை இடம் மாற்றினால் இரு தண்டவாளங்களும் அச்சு வழியாக இணைந்துவிடும். ஆனால் அப்படி நேர்ந்திருந்தால் நேர்ப்பாதையில் வைத்த கணமே சிவப்பு விளக்கு எரிந்திருக்கும். பாயின்ட்டின் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்) மேல் மட்டும் நின்றிருந்தால், ஒரே அச்சின் இரு சக்கரங்களுடைய உட்புற இடைவெளி சுமார் 14.4 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளக்கச் சொல்லியிருப்பேன். இவை இரண்டும் உங்களுக்குப் பொருந்தவில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, மேல்கூடு இல்லாமல் எஞ்சினை அந்த வளைவில் தள்ளிப் பாருங்கள்; பொறி பறக்கும் இடம் தெரியலாம்.

பட்டறைக்காரர் (கணபதி, கோவை):

தம்பி, மேலே சொன்னது சரியான கணிப்பு. மீட்டர் விஷயத்தை மட்டும் நான் தெளிவாக்குகிறேன், ஏனெனில் எங்கள் பட்டறைக்கு வைண்டிங் பழக வரும் பிள்ளைகளும் இதில்தான் ஏமாறுகிறார்கள். இந்தச் சிறிய மோட்டார்களின் சுற்றுகளுக்கு இயல்பாகவே 10 முதல் 30 ஓம் வரைதான் மின்தடை இருக்கும். பல மீட்டர்கள் 30 அல்லது 50 ஓமுக்குக் கீழே எது வந்தாலும் பீப் ஒலிக்கும். எனவே நல்ல மோட்டாரும் உங்கள் மீட்டருக்கு ஷார்ட்டாகத்தான் கேட்கும். மீட்டரை ஓம் அளவில் வைத்து எண்ணைப் படியுங்கள். ஆர்மேச்சரை (மோட்டாரின் சுழலும் பகுதி) விரலால் மெல்லச் சுழற்றும்போது ஏதேனும் ஓரிடத்தில் மட்டும் பூஜ்யத்தை ஒட்டி இறங்கினால், கம்யூட்டேட்டர் (பிரஷ்ஷிலிருந்து மின்சாரத்தை வாங்கிச் சுற்றுகளுக்குத் தரும் வளையம்) துண்டுகளுக்கு இடையே கார்பன் பிரஷ் தூள் அடைத்திருக்கலாம்; பல்குத்தும் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு இடுக்குகளைத் துடைத்தால் போதும்.

அடுத்து, காரின் பிரேக் விளக்குக்குப் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை, கன்ட்ரோலரிலிருந்து தண்டவாளத்துக்குப் போகும் ஒரு ஒயரில் தொடராக இணையுங்கள். எஞ்சின் அரை ஆம்பியருக்குள் ஓடும்வரை பல்பு அணைந்தோ மிக மங்கலாகவோ இருக்கும். ஷார்ட் ஆன கணத்தில் பளிச்சென்று எரியும், மின்னோட்டமும் இரண்டு ஆம்பியரைத் தாண்டாது. எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் 230 வோல்ட் சீரீஸ் லேம்ப்பை இதற்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். அது உயிருக்கு ஆபத்து.

பவானிக்கரை (ஈரோடு):

அண்ணா, கண்டுபிடித்துவிட்டேன். ஆர்மேச்சரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். 18 ஓமுக்கும் 21 ஓமுக்கும் இடையில்தான் நின்றது. மோட்டார் நலம். பிறகு பல்பை இணைத்து, எஞ்சினை நேர்ப்பாதையில் வைத்து, பின் போகியின் சக்கரங்களைத் தண்டவாளத்தின் மேலேயே விட்டு, உடலை மட்டும் பென்சிலால் மெல்லப் பக்கவாட்டில் தள்ளினேன். ஒரு பக்கம் ஒன்றுமில்லை. மறுபக்கம் தள்ளியதும் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது.

பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, அந்தப் போகியின் வலது சக்கரங்களிலிருந்து மேலே வரும் கறுப்பு ஒயர், நான் மீண்டும் பூட்டியபோது உலோகச் சேசிஸின் (அடிச்சட்டம்) விளிம்புக்கும் போகிக்கும் நடுவே சிக்கியிருந்தது. உறை எள்ளளவு உரிந்து, உள்ளே செம்பு மின்னியது. இந்த எஞ்சினில் சேசிஸே இடது தண்டவாளத்தின் மின்சாரத்தைச் சுமக்கிறது. செம்பு அதில் உரசியதும் ஷார்ட். இன்சுலேஷன் டேப் சுற்றலாமா?

பட்டறைக்காரர் (கணபதி, கோவை):

டேப் வேண்டாம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், மூடிய கூட்டுக்குள் அதன் பசை இளகி நழுவிவிடும், பிசுக்கு பல்சக்கரத்திலும் ஏறும். ஒயரின் ஒரு முனையைச் சோல்டரிலிருந்து விடுவித்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் 10 மில்லிமீட்டர் போட்டு, போகி இருபுறமும் முழுதாகத் திரும்பும் அளவுக்குத் தளர்வு விட்டு, பழைய பள்ளத்தின் வழியாகவே கொண்டுபோங்கள்.

டிகோடரைப் பற்றி ஒன்று. சேசிஸில் மின்சாரம் ஓடுகிறது என்பதைக் கண்டுவிட்டீர்கள். அப்படியென்றால் மோட்டாரின் ஒரு பிரஷ் அதே சேசிஸைத் தொட்டு நிற்கக்கூடும். டிகோடரின் ஆரஞ்சு, சாம்பல் நிற ஒயர்கள் போகும் இரு பிரஷ் முனைகளுக்கும் சேசிஸுக்கும் இடையே மீட்டர் எந்த எண்ணும் காட்டக் கூடாது. காட்டினால், முதலில் அந்தப் பிரஷ்ஷைச் சேசிஸிலிருந்து பிரித்துவிடுங்கள். பொருத்திய பிறகு முதல் சோதனையை, மின்னோட்டம் குறைவாக விடப்படும் புரோகிராமிங் டிராக்கில் (டிகோடரின் அமைப்புகளை மாற்றுவதற்கான தனித் தண்டவாளம்) செய்யுங்கள். இணைப்பில் பிழை இருந்தாலும் அங்கே டிகோடர் தப்பிக்கும்.