குண்டில் எரிந்த பிறப்புப் பதிவு: வழி தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். மண்டபம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கும் ஒரு அக்காவுக்காக எழுதுகிறேன். 1990 ஜூனில் ஈழத்தில் போர் மறுபடி மூண்டதே, அந்தச் சமயம் அவர் ஊர் உதவி அரசாங்க அதிபர் பணிமனை (நம்மூர் தாலுகா அலுவலகம் மாதிரி) மேல் விமானம் குண்டு போட்டது. கூரையோடு அங்கிருந்த பிறப்புப் பதிவேடுகளும் எரிந்தன என்கிறார். அப்புறம் குடும்பமே படகேறி ராமேஸ்வரம் வந்துவிட்டது.

இப்போது ஊர் திரும்ப ஆசைப்படுகிறார். கையில் பிறப்புச் சான்றிதழ் இல்லை. கட்டடத்தைத் திரும்பக் கட்டிவிடலாம். எரிந்த பதிவேட்டில் பெயர் இருந்தவர்களின் கதி என்ன? நினைத்தாலே ஆத்திரம் வருகிறது.

பிறப்புப் பதிவின் இன்னொரு பிரதி கொழும்பில் பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்கு (பிறப்பு, இறப்புப் பதிவுகளின் தலைமை அலுவலகம்) போகும் நடைமுறை உண்டு. அது கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால், பிறப்புப் பதிவு கிடைக்காதவர்களுக்குத் தரும் உத்தேச வயதுச் சான்றிதழ்தான். அதற்குப் பள்ளிக்கூடப் பதிவோ கோயில் ஞானஸ்நானப் பதிவோ கைகொடுக்கும்.

இந்த இரண்டில் ஒன்றை முகாமில் இருந்தபடியே, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகம் வழியாக வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கொழும்பில் நேரில் போய்த் தேடித் தரக்கூடிய உறவோ நட்போ இருந்தாலும் சொல்லுங்கள். தரகர்கள் வேண்டாம், அவரிடம் பணம் இல்லை. பெயர், ஊர் விவரங்களைத் தனிச்செய்தியில் தருகிறேன்.